பாம்புக்கும் ஒரு மருத்துவச்சி!

பாம்பு என்றதுமே பக்கத்தைப் புரட்ட நினைக்கும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள்! இந்தக் கட்டுரையில் வரும் பாம்பு சீறப் போவதில்லை. யாரையும் துரத்தப் போவதில்லை. பாவம், அதுவே பெரிய சங்கடத்தில் மாட்டிக் கொண்டிருக்கிறது. பழைய சட்டையைக் கழற்ற முடியாமல் தவிக்கிறது!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நாய், பூனை வளர்ப்பது போலவே பாம்பு வளர்க்கும் குடும்பங்களும் உண்டு. கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்து கொள்ள ஒரு மறைவிடம், குளிருக்கு இதமாக அடியில் ஒரு சூட்டுப் பலகை. அங்கே அதிகம் விரும்பப்படுபவை விஷமில்லாத இரண்டு வகைகள். ஒன்று, 'கார்ன் ஸ்நேக்' என்னும் சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் அதன் சொந்த ஊர். மற்றொன்று ஆப்பிரிக்காவின் மேற்கிலும் மத்தியிலும் வாழும் 'பால் பைதான்'. இது பசும்பால் அல்ல, பந்து! பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக் கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். மலைப்பாம்பு ஜாதிதான், ஆனால் நீளம் பெரும்பாலும் 3 முதல் 5 அடிக்குள்தான்.

கண்ணில் விழும் திரை

குழந்தை வளர வளரப் பழைய சட்டை பிடிக்கிறது, புதிதாகத் தைக்கிறோம். பாம்பின் மேல்தோலும் உடம்போடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே அடியில் புதுத் தோல் தயாரானதும் மேலே உள்ளதை உரித்துப் போடுகிறது. குட்டிப் பாம்பு சில வாரங்களுக்கு ஒரு முறை உரிக்கும். வளர்ந்த பாம்புக்கு வருஷத்தில் சில தடவை போதும்.

உரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே அடையாளங்கள் தெரியும். மேனியின் பளபளப்புப் போய்விடும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒருவித நீர் சுரக்கும். அதனால் கண்கள் பால் கலந்த நீல நிறமாக மங்கிப் போகும். பார்வை சரியாகத் தெரியாததால் சாது பாம்புக்கும் அந்தச் சமயத்தில் கோபம் வரும். இரையைக் கூடத் தொடாமல் மறைவில் முடங்கிக் கிடக்கும். பிறகு கண் தெளியும். அதன்பின் சில நாட்களில் மூக்கைச் சொரசொரப்பான கல்லிலோ கட்டையிலோ தேய்த்து, உதட்டோரத்தில் தோலைப் பிரித்து, காலுறையை உள்புறம் வெளியே வரும்படி கழற்றுவது போல, அப்படியே ஊர்ந்து வெளியே வந்துவிடும். ஆரோக்கியமான பாம்பின் சட்டை தலை முதல் வால் வரை ஒரே துண்டாக இருக்கும். செதில்களுக்கு இடையே மடிந்திருந்த தோலும் விரிந்து கொடுப்பதால் சட்டை பாம்பைவிட நீளமாகக் கூட இருக்கும்!

புகுந்த வீட்டுக் காற்று

சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து, உடம்பில் ஆங்காங்கே காய்ந்த காகிதம் போல ஒட்டிக் கொண்டால், ஏதோ கோளாறு என்று அர்த்தம். பெரும்பாலும் கோளாறு பாம்பிடம் இல்லை, வீட்டிடம்தான்!

பால் பைதானின் பிறந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். எலி வளைகளும் கறையான் புற்றுகளும்தான் அதன் உறைவிடம். வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள் மண்ணின் ஈரம் இருக்கும். புகுந்த வீடோ கண்ணாடிப் பெட்டி. மேல்மூடி கம்பி வலையானால் உள்ளே உள்ள ஈரமெல்லாம் போய்விடும். குளிர்காலத்தில் மேல்நாட்டு வீடுகளில் கணப்பு எரிவதால் காற்று இன்னும் வறண்டுவிடும். நமக்கே உதடு வெடிக்கிறதல்லவா? பாம்புக்கோ இரு தோல்களுக்கும் நடுவே உள்ள ஈரம் காய்ந்து, பழையது புதியதோடு ஒட்டிக் கொள்கிறது. போதிய தண்ணீர் குடிக்காதது, பழைய காயத்தின் தழும்பு, செதிலிடுக்கில் புகுந்த பேன் போன்ற உண்ணிகள், உடம்பில் வேறு வியாதி, இவையும் காரணமாகலாம். சட்டை தேய்க்க ஒரு சொரசொரப்பான கல் இல்லாமற்போனாலும் சிரமம்தான்.

மருத்துவச்சியின் பொறுமை

அனுபவமுள்ள மருத்துவச்சி என்ன செய்வாள்? வேண்டியதைத் தயார் செய்து வைப்பாள்; தைரியம் சொல்வாள்; காத்திருப்பாள். அவசரப்பட்டு இழுக்க மாட்டாள். பாம்பு வளர்ப்பவர்களும் முதலில் கற்கும் பாடம் அதுதான். ஒட்டியிருக்கும் தோலைப் பிய்த்து இழுத்தால், அடியில் உள்ள இளந்தோலும் சேர்ந்து கிழிந்து ரணமாகும்.

கண் மங்கியதுமே பெட்டியின் ஈரத்தைக் கூட்டுகிறார்கள். காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. பால் பைதானுக்குச் சாதாரண நாளில் 60 சதவீதம், உரிக்கும் நாட்களில் 70 சதவீதம் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். வலை மூடியில் பாதியைத் துணியால் மறைப்பது ஓர் உபாயம். அதைவிட நல்லது ஓர் ஈர அறை. மூடியுள்ள டப்பாவில் பாம்பு நுழைய ஒரு துவாரம் செய்து, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியைப் பரப்பி, பெட்டியின் கதகதப்பான பக்கத்தில் வைத்து விடுகிறார்கள். வேண்டும்போது பாம்பே போய்ப் படுத்துக் கொள்ளும். அதற்காகப் பெட்டி முழுவதையும் சேறாக்கக் கூடாது. நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தால் செதில் அழுகும். மூச்சுக் கோளாறும் வரும்.

அப்படியும் தோல் ஒட்டிக் கொண்டால், வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான நீர்! சுமார் 85 டிகிரி பாரன்ஹீட் சூடு. பாம்பின் முதுகு நனையாத ஆழம். 20 அல்லது 30 நிமிஷம். அந்த நேரமெல்லாம் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். பிறகு ஈரமான, சொரசொரப்பான துவாலையைத் தளர்வாகச் சுற்றிப் பிடித்தால், பாம்பு அதற்குள் தானே ஊர்ந்து வரும். ஊறிய தோல் துவாலையில் சிக்கிக் கொண்டு கழன்று வரும். இழுப்பது பாம்பு, பிடித்துக் கொள்வது மட்டுமே நம் வேலை. ஒரே நாளில் முழுவதும் வராவிட்டால் பாதகமில்லை, மறுநாள் பார்த்துக் கொள்ளலாம்.

"தேங்காய் எண்ணெய் தடவினால் என்ன?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காய்ந்த தோலுக்கு வேண்டியது தண்ணீர். எண்ணெய்ப் பூச்சு, நீர் ஊறுவதைத்தான் தடுக்கும்.

இன்னொரு விஷயம். பாம்பைக் குளிப்பாட்டிய பாத்திரம் சமையலறைப் பக்கமே வரக் கூடாது. பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆரோக்கியமான பாம்பிடமும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

கண்ணும் வாலும்

உடம்பில் எங்கே தோல் ஒட்டினாலும் பொறுத்திருக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

முதலாவது வால் நுனி. வீங்கிய விரலில் மோதிரம் சிக்கினால் எப்படி வலிக்கும்! பழைய தோலும் வாலைச் சுற்றி வளையம் போல இறுகிக் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் சேர்ந்தால் ரத்த ஓட்டம் நின்று, நுனி கறுத்துப் பட்டுப் போகும். ஆகவே அங்கே ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்து, மெல்ல உருட்டி எடுக்க வேண்டும்.

இரண்டாவது கண். பாம்புக்கு இமை கிடையாது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, ஒளி ஊடுருவும் ஒரு செதில்தான் கண்ணைக் காக்கிறது. சட்டையோடு அதுவும் கழன்று வர வேண்டும். வராமல் தங்கிவிட்டால், இடுக்கியை எடுத்து நோண்டுவது மகா ஆபத்து. பழைய செதிலோடு புதியதும் பிய்ந்து வந்தால் கண்ணே போய்விடும். ஈர அறையில் விட்டு அடுத்த சட்டை வரை காத்திருந்தால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். அப்போதும் வரவில்லை என்றால், கண் வீங்கியிருந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் இதே கதை என்றால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். கை வைக்காமல் இருக்கத் தெரிவதும் மருத்துவச்சியின் கைராசியில் சேர்ந்ததுதானே!

இதையெல்லாம் படித்துவிட்டு, "நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?" என்று வீட்டுப் பிள்ளைகள் கிளம்பினால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக் கொள்வது குற்றம். ஆசையிருந்தால் சென்னை கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போகலாம். தோட்டத்தில் திரியும் பாம்புக்கு நம் உதவி தேவையில்லை. சருகின் அடியிலும் கல்லின் இடுக்கிலும் அதற்கு வேண்டிய ஈரத்தை அதுவே தேடிக் கொள்ளும்.

மேல்நாட்டு வீட்டிலோ, சட்டை கழன்ற அன்று காலையில் வீட்டுக்காரி செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? புதுமேனியோடு மினுங்கும் பாம்பைப் பிறகுதான் பார்க்கிறாள். கழன்ற சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, வால் நுனி வந்திருக்கிறதா, இரண்டு கண்ணாடிச் செதிலும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறாள். இரண்டும் இருந்தால், பாம்புக்கு அன்றைக்கு ராத்திரி இரை!