'வித்தவுட் ப்ரெஜுடிஸ்': எங்கே போடணும், எங்கே கூடாது?

வாடகை வீட்டைக் காலி செய்த நண்பர் ஒருவர், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்'. இது எதுக்குன்னு கேட்டேன். "வக்கீல் லெட்டர்ல எல்லாம் பார்த்திருக்கேன். ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இது தாயத்து இல்லை.

முதலில் பொருள். ப்ரெஜுடிஸ் என்றதும் பாரபட்சம், தப்பெண்ணம் என்றுதான் தோன்றும். சட்ட ஆங்கிலத்தில் அது உரிமைக்கு வரும் பாதகம். 1889-ல் இங்கிலாந்தில் வாக்கர் எதிர் வில்ஷர் வழக்கில் நீதிபதி லிண்ட்லி சொன்ன விளக்கத்தின் சாரம் இது: நான் சொல்லும் சமரசத்தை நீங்கள் ஏற்காவிட்டால், என் நிலைக்கு இந்தக் கடிதத்தால் பாதகம் வரக்கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வர வேண்டியது 50,000 ரூபாய். 'வழக்கு வேண்டாம், 40,000 கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்' என்று எழுதினால் இந்தத் தலைப்பு தேவை. பேச்சு முறிந்தால், 'அவரே 40,000 போதும்னு ஒத்துக்கிட்டாரே' என்று எதிர்த்தரப்பு அதைக் கோர்ட்டில் காட்டுவதை இது தடுக்கும். சிவில் வழக்குகளில் இதற்கு இந்தியாவில் அடிப்படையாக இருந்தது 1872 சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 21-ஆம் பிரிவு.

நண்பர் கடிதத்தில் சமரசமே இல்லை. 'இந்தத் தேதிக்குள் முழுப் பணத்தையும் கொடுங்கள்' என்ற கோரிக்கை மட்டும்தான். கேட்டும் தரலைன்னு நாளைக்கு நிரூபிக்க அந்தக் கடிதம்தான் ஆதாரம். அதன் தலையிலேயே 'இதைச் சாட்சியமாக்காதே' என்று நாமே எழுதுவானேன்? கோர்ட் தலைப்பை மட்டும் பார்க்காது, உள்ளே இருப்பதையும் பார்க்கும். இருந்தாலும் ஒரு வீண் வாதத்துக்கு வழிவிட்ட மாதிரி ஆகும்.

வாக்கியத்துக்குள் எழுதுவது வேறு விஷயம். வீட்டுக்காரர் 30,000 மட்டும் அனுப்பினால், 'வித்தவுட் ப்ரெஜுடிஸ் டு மை க்ளெய்ம் ஃபார் தி பேலன்ஸ்' என்று எழுதிப் பெற்றுக்கொள்ளலாம். மீதியை விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். இது மறைக்க வேண்டிய கடிதம் இல்லை, பின்னால் காட்ட வேண்டிய கடிதம்.

ஆகவே எழுதும் முன் ஒரே கேள்வி: இந்தக் கடிதத்தில் சமரசத்துக்காக எதையாவது விட்டுக்கொடுக்க முன்வருகிறேனா? ஆமாம் என்றால் தலைப்பில் போடுங்க. இல்லைன்னா வேண்டாம்.

நண்பர் தலைப்பை அடித்துவிட்டு, கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.