சுழலை எங்கே அறுப்பது?

மாணவர்களே, விளையாட்டு அட்டைகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்களுள் சிலர் புத்தகங்களுக்கு நடுவே அவற்றை ஒளித்துக் கொண்டுவருவதை நானும் அறிவேன். இப்பாடம் அத்தகைய அட்டைகளைப் பற்றியது. 'சீட்டு' என்றே எழுதியிருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து வரும் தாத்தாவின் காதில் அச்சொல் விழுந்தால், பணம் வைத்து ஆடும் சூதாட்டமே அவர் நினைவுக்கு வரும். ஆதலின் 'அட்டை' என்றே வழங்குவோம்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முகவாட்டத்துடன் என்னிடம் வந்தான். அவன் நண்பனுக்கு ஓர் அண்ணன் உண்டு, கல்லூரியில் படிப்பவர். அவர் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டின் கட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆடியிருக்கிறார். இவன் இதுவரை கண்டிராத கட்டு அது. நான்காம் சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. மறுமுறையும் அவ்வாறே. "சார், அதுக்குப் பதிலே கிடையாது. என் கட்டையே மாத்தணும்" என்றான். புதிய கட்டு வாங்கப் பணம் வேண்டும். வீட்டில் கேட்க இயலாது என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன். "நடந்ததைத் தமிழில் எழுதிக் கொண்டுவா, பதில் உண்டா இல்லையா என்று பார்ப்போம்" என்றேன். இரண்டு வரிகளோடு நின்றுவிட்டான். அவனுக்கு ஆட்டம் தெரியும், சொற்கள் தெரியா. எனக்குச் சொற்கள் தெரியும், ஆட்டம் தெரியாது. இருவருமாக அமர்ந்து எழுதியதே இப்பாடம்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. கணிதம் பயின்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்பவர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒவ்வொருவரும் குறைந்தது 60 அட்டைகள் கொண்ட கட்டைத் தாமே தொகுத்து வருவர். அடிப்படை நில அட்டைகள் நீங்கலாக, ஒரே பெயருடைய அட்டையை நான்கிற்கு மேல் வைக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு. எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்கியவர் வென்றவர். ஒரு சுற்றுக்கு ஒரு நில அட்டையை மேசைமீது வைக்கலாம். நிலத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் 'மானா' என்னும் ஆற்றல் கிடைக்கும். மந்திரங்களையும் உயிரிகளையும் அந்த ஆற்றலைச் செலவிட்டே களமிறக்க வேண்டும். சாய்ந்த அட்டைகள் அடுத்த முறை நம் சுற்று தொடங்கும்போது நிமிரும். சாய்த்தல், நிமிர்த்தல் என்னும் இவ்விரு சொற்களையும் மறவாதீர்கள். அந்த அண்ணனின் வெற்றி முழுவதும் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

அவருடைய கட்டில் இரண்டு அட்டைகள் உயிர்நாடி போன்றவை. ஒன்று 'டிசீவர் எக்ஸார்க்' என்னும் உயிரி. அதன் விலை மூன்று மானா. தாக்கும் வலிமை 1, தாங்கும் வலிமை 4. அது களத்திற்கு வரும்போது, தன்னை ஆள்பவரின் அட்டை ஒன்றை நிமிர்த்தலாம். அல்லது எதிராளியின் அட்டை ஒன்றைச் சாய்க்கலாம். எதிராளியின் சுற்றிலும் இதனைக் களமிறக்க முடியும். மற்றொன்று 'ஸ்ப்ளிண்டர் ட்வின்' என்னும் மந்திரம். விலை நான்கு மானா. ஓர் உயிரியின்மீது இதனைப் பொருத்தினால், அவ்வுயிரியைச் சாய்த்து அதன் நகல் ஒன்றை உண்டாக்கலாம். நகல் வந்தவுடனே தாக்கும். சுற்றின் முடிவில் மறைந்துவிடும்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் எளியவை. ஒன்றன்மீது ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். எக்ஸார்க்கைச் சாய்த்தால் ஒரு நகல் வருகிறது. நகலும் எக்ஸார்க்தானே? அது வரும்போது ஓர் அட்டையை நிமிர்த்தலாம். மூல எக்ஸார்க்கையே நிமிர்த்துகிறது. நிமிர்ந்த மூலத்தை மீண்டும் சாய்த்தால் இன்னொரு நகல். அதுவும் மூலத்தை நிமிர்த்துகிறது. இச்சுழலுக்கு முடிவே இல்லை. ஆனால் 'எண்ணிலி' என்று சொல்ல விதி இடந்தராது; எத்தனை முறை என்று ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். "பத்து லட்சம்" என்றாராம் அண்ணன். இவ்வாறு அட்டைகள் இணைந்து ஆட்டத்தையே முடித்துவிடும் அமைப்பை விளையாடுவோர் 'காம்போ' என்பர். நாம் 'இணைவு' எனலாம்.

ட்வின் அட்டை 2010 ஏப்ரலில் வெளிவந்தது. எக்ஸார்க் வந்தது 2011 மே மாதம். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த 'புரோ டூர்' போட்டியில் இத்தாலியரான சாமுவேலே எஸ்ட்ராட்டி இவ்விணைவைக் கொண்டே முதலிடம் பெற்றார். பின்னர் 2016 ஜனவரியில் 'மாடர்ன்' என்னும் போட்டி வகையில் ட்வினுக்குத் தடை விதித்தார்கள். 2024 டிசம்பரில் அத்தடை நீங்கியது. அண்ணனின் பழைய பெட்டி திறக்கப்பட்டதன் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும்.

இனி, 'பதிலே கிடையாது' என்னும் கூற்றை ஆராய்வோம்.

முதலில் கணக்கு. ட்வின் அட்டைகள் நான்கு, எக்ஸார்க் நான்கு, அதே வேலையைச் செய்யும் 'பெஸ்டர்மைட்' என்னும் சிறு பறக்கும் உயிரி நான்கு எனக் கொள்வோம். முதலில் ஆடுபவர் தம் நான்காம் சுற்றில் கட்டிலிருந்து 10 அட்டைகளை எடுத்திருப்பார். அவற்றுள் ட்வின் ஒன்றேனும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 53 விழுக்காடு. ட்வினும் உரிய உயிரியும் சேர்ந்தே இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடுதான். (பதினோராம் வகுப்பில் சேர்மானங்கள் படிக்கும்போது இதனை நீங்களே கண்டறிவீர்கள்.) அட்டைகளைத் தேடித்தரும் மந்திரங்களும் அக்கட்டில் இருப்பதால் உண்மையான வாய்ப்பு இதனினும் சற்று மிகும். எனினும் இரண்டு முறை தொடர்ந்து நான்காம் சுற்றில் தோற்றதனால், எப்போதும் நான்காம் சுற்றில் தோற்போம் என்று ஆகிவிடாது.

அடுத்து, சுழலை எவ்விடத்தில் அறுப்பது? நம் மாணவன் செய்த தவறு எக்ஸார்க்கைக் கண்டவுடன் 'லைட்னிங் போல்ட்' என்னும் மின்னல் மந்திரத்தை எறிந்தது. அது தரும் சேதம் 3. எக்ஸார்க் தாங்குவது 4. பெஸ்டர்மைட் தாங்குவது 1 மட்டுமே. ஆதலால் மின்னல் அதனை வீழ்த்தும், எக்ஸார்க்கை வீழ்த்தாது. ஒற்றைப் புள்ளி வேறுபாடுதான். எக்ஸார்க்கின் பெருமையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் இருக்கிறது. அதை வீழ்த்த 'டிஸ்மெம்பர்' போன்ற வலிய மந்திரம் வேண்டும். அது உயிரியின் தாக்கும் வலிமையிலும் தாங்கும் வலிமையிலும் ஐந்தைக் குறைக்கும். ஒரு மானாவும் 4 உயிர்ப்புள்ளிகளும் கொடுத்தால் எந்த நிறக் கட்டிலும் இதனைப் பயன்படுத்தலாம்.

அதனினும் முதன்மையானது நேரம். இவ்வாட்டத்தில் மந்திரங்கள் விடுதி உணவுக்கூடத்தில் அடுக்கிய தட்டுகள் போன்றவை; கடைசியாக வைத்த தட்டே முதலில் கைக்கு வரும். ஒருவர் ட்வினை எக்ஸார்க்கின்மீது பொருத்துவதாக அறிவித்ததும், அது நிகழ்வதற்கு முன் அதன்மேல் நம் மந்திரத்தை வைக்கலாம். நம்முடையது மேலே இருப்பதால் அதுவே முதலில் நிகழும். எக்ஸார்க் வீழும். பொருந்த இடமின்றி ட்வினும் வீணாகிக் கழிவுக்குவியலுக்குப் போகும். நாம் இழந்தது ஓர் அட்டை. அவர் இழந்தது இரண்டு. எக்ஸார்க் வந்த கணமே வீழ்த்தியிருந்தால் ஒன்றுக்கு ஒன்றுதான். ட்வின் அவர் கையில் பத்திரமாக இருக்கும்.

எனவே காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. எக்ஸார்க் பெரும்பாலும் நம் சுற்றின் முடிவில் வரும். களத்திற்கு வந்த உயிரியைத் தன் சுற்று தொடங்கும் வரை இவ்வாறு சாய்த்துப் பயன்படுத்த இயலாது என்பதால், அவர்கள் அந்த நேரத்தைத் தெரிந்தெடுப்பர். வரும்போதே நம் நிலம் ஒன்றைச் சாய்த்தும் விடும். ஒரு மானா தேவைப்படும் விடையை வைத்திருப்பவர் இரண்டு நிலங்களை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இரண்டு மானா விடைக்கு மூன்று நிலங்கள். அந்நிலங்களைக் கொண்டு வேறு உயிரிகளை இறக்கியிருக்கலாமே! ஒவ்வொரு சுற்றும் அச்சத்திற்கு வரி கட்டுகிறோம். ட்வின் அவர் கையில் இல்லாதபோதும் அவ்வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். இக்கட்டின் உண்மையான வலிமை இதுவே என்பது என் கருத்து. பத்து லட்சம் நகல்கள் அதற்கு அடுத்தபடிதான்.

காத்திராமல் முன்கூட்டியே வழியை அடைக்கும் அட்டைகளும் உண்டு. 'டார்பர் ஆர்ப்' களத்தில் இருந்தால், உயிரிகளின் வருகையால் எவ்விளைவும் நிகழாது. நகல் வரும், மூலத்தை நிமிர்த்தாது. 'ஸ்பெல்ஸ்கைட்' சற்று வேடிக்கையானது. பிறிதோர் உயிரியைக் குறித்து வரும் மந்திரத்தை 2 உயிர்ப்புள்ளிகள் கொடுத்துத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். ட்வின் அதன்மேல் பொருந்திவிட்டால், நகல் எடுக்கும் ஆற்றல் நமக்கே வந்துவிடுகிறது! என் மாணவன் இதைச் சொல்லிச் சிரித்தபோதுதான் அவன் முகவாட்டம் நீங்கியது.

அப்படியாயின் இவற்றையெல்லாம் கட்டில் சேர்த்துவிடலாமே என்பீர்கள். போட்டி என்பது மூன்று ஆட்டங்களுள் இரண்டை வெல்வது. முதல் ஆட்டத்திற்குப் பின், உடன் கொண்டுவந்த 15 அட்டைகள் கொண்ட துணைக்கட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அந்த 15 இடங்களும் ட்வினுக்கு மட்டும் உரியவை அல்ல. எதிரே வரக்கூடிய எல்லாக் கட்டுகளுக்கும் அங்கேதான் விடை இருக்க வேண்டும். ஓர் எதிரிக்கு மட்டுமே பயன்படும் அட்டையை வைப்பதைக் காட்டிலும், பலவற்றுக்கு உதவும் அட்டையை வைப்பது நன்று. 2012இல் வெளிவந்த 'ராக்டாஸ் சார்ம்' அத்தகையது. இரண்டு மானா விலையுள்ள அதில் மூன்று வினைகள் உள்ளன, ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். எதிராளியின் கழிவுக்குவியலை முற்றிலும் நீக்குவது ஒன்று. கருவி அட்டை ஒன்றை அழிப்பது மற்றொன்று. மூன்றாவது வினை இது: ஒவ்வோர் உயிரியும் தன்னை ஆள்பவருக்கே 1 சேதம் தரும்.

இறுதி வரியைப் படித்ததும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவனுடைய கட்டு கறுப்பும் சிவப்பும் கலந்தது. அதே அண்ணனின் பெட்டியிலிருந்து நான்கு அட்டைகளை இரவலாகப் பெற்றான். அவர் மறுக்கவில்லை. எதற்கென்று தெரிந்தும் கொடுத்தார் என்றால், அவரை நல்ல ஆட்டக்காரர் என்றே சொல்வேன். அடுத்த சனிக்கிழமை மூன்று ஆட்டங்கள் நடந்தன. முதலாவதில் இவன் தோற்றான். இரண்டாவதில் பெஸ்டர்மைட் இருமுறை தாக்கி, முறைக்கு இரண்டாக 4 புள்ளிகளைக் குறைத்தது. அதனை வீழ்த்த இவன் டிஸ்மெம்பருக்கு மேலும் 4 புள்ளிகள் கொடுத்தான். அண்ணனுக்கு 17, இவனுக்கு 12. தடுக்க இவனிடம் உயிரி ஒன்றும் இல்லை. எக்ஸார்க் வந்து இவன் நிலம் ஒன்றைச் சாய்த்தது. இரண்டு நிலங்கள் எஞ்சின. அண்ணன் தம் சுற்றில் ட்வினைப் பொருத்தினார். இவன் ஒன்றும் செய்யவில்லை. "பத்து லட்சம்" என்றார் அண்ணன். இவன் எஞ்சிய இரண்டு நிலங்களையும் சாய்த்து ராக்டாஸ் சார்மை மேசைமீது வைத்தான். பத்து லட்சம் நகல்களும் தம் தலைவரையே தாக்கின.

மூன்றாம் ஆட்டத்தில் அண்ணன் ட்வின் அட்டைகளைக் கட்டிலிருந்தே எடுத்துவிட்டார். இவனுக்கு அது தெரியாது. வராத இணைவுக்காக நிலங்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டே, சிறு உயிரிகளிடம் மெல்ல மெல்லத் தோற்றான். திங்கட்கிழமை வந்து, "சார், இப்ப அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டான். இம்முறை நான்கு பக்கம் எழுதியிருந்தான்.

பயிற்சி: இரண்டாம் ஆட்டத்தை மீண்டும் படியுங்கள். "பத்து லட்சம்" என்பதற்கு மாறாக அண்ணன் எந்தெந்த எண்களுள் ஒன்றைச் சொல்லியிருந்தால், ராக்டாஸ் சார்ம் வந்தபின்னும் உயிர்தப்பி வென்றிருப்பார்? மூல எக்ஸார்க்கும் தன் தலைவருக்குச் சேதம் தரும் என்பதையும், அது அச்சுற்றில் தாக்கப் போகவில்லை என்பதையும் கருத்திற்கொண்டு கணக்கிட்டு, விடையை முழு வாக்கியங்களில் விளக்கி எழுதுக.