கைப்பந்திலிருந்து உயரம் தாண்டலுக்கு

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன மாரியப்பன் தங்கவேலு, பள்ளி நாட்களில் முதலில் பிரியம் வைத்தது கைப்பந்தாட்டத்தின் மீதுதான். பின்னர், உடற்பயிற்சி ஆசிரியரின் தூண்டுதலால் உயரம் தாண்டலிலும் சிரத்தை கொண்டதன் பலனாகவே, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் அவரை வந்தடைந்தன.

இப்படி ஒன்றோடு நில்லாதிருப்பது மனத்துக்கும் துணை. தன் மதிப்பு முழுவதையும் ஒரே காரியத்திடம் ஒப்படைத்தவன் அதில் தோற்றவுடன் நிராதரவாகிறான். பலவற்றில் பழகியவனுக்கோ, மற்றொன்றில் கண்ட சித்தி மனத்தைத் தாங்கி நிற்கிறது.

அதே ஜில்லாவின் கெங்கவல்லிப் பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்த பிள்ளையை வையாமல், மாலையில் மைதானத்துக்கு அனுப்புங்கள். காட்டுக்கு அழைத்துப்போய், மரவள்ளிக் குச்சியைக் கணு மேல்நோக்கியிருக்கும்படி நடவும் கற்றுக்கொடுங்கள்.