கரிசல் காட்டாருக்கு ஒரு கடல் விளக்கு

“கடலை” என்றால் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு மிட்டாய்தான் நினைவுக்கு வரும், கடல் வராது. கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசலும் பருத்தியுமாய்க் கிடக்கும் சீமை எங்களுடையது. ஆகவே, என் மாணாக்கர் சிலரைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்று, முயல் தீவின் கலங்கரை விளக்கத்தைக் கரையில் நின்றவாறே காட்டினேன். இருட்டியதும் ஒரு பையன், “ஸார், வெளிச்சம் தண்ணீரில் விழவே இல்லையே! கப்பலுக்கு வழி எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. கலங்கரை விளக்கம் வழியைக் காட்டுவதில்லை. தான் இன்னார் என்று சொல்லுகிறது. இத்தனை விநாடிக்கு இத்தனை மின்னல் என்று ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. மாலுமி அதை எண்ணிப் பார்த்து, இன்ன ஊர் விளக்கு என்று தெரிந்து கொள்கிறான். திசைகாட்டியால் அது இருக்கும் திக்கை அளந்து, படத்தில் ஒரு கோடு இழுக்கிறான். வேறொரு விளக்கைக் கொண்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடமே அவன் கப்பல் இருக்கும் இடம்!

பூமி உருண்டையாதலால் விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும். 30 மீட்டர் உயரத்து விளக்கு கடல் மட்டத்தில் சுமார் 20 கிலோமீட்டர் வரை தெரியும். கப்பலின் மேல்தட்டில் நிற்பவனுக்கு அதற்கு அப்பாலும் தெரியும். சிதறும் ஒளியைப் பட்டைக் கண்ணாடிகளால் ஒன்றுசேர்த்து அனுப்பும் யுக்தியைக் கண்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி பிரெனெல். அவருடைய கண்ணாடி 1823-இல் கோர்துவான் விளக்கில் முதன்முதலாக ஏறியது.

மன்னார் வளைகுடாவிலோ பவளப் பாறைகளும் தீவுகளும் மிகுதி. தூத்துக்குடியில் ஆழமும் குறைவு. பழைய நாளில் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டன. எங்கள் கரிசல் பருத்தி தோணியேறித்தான் கப்பலை அடைந்தது. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

எங்கள் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அப்பெரியார், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களை இத்துறையிலிருந்தே கொழும்புக்கு விட்டார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மல்லுக்கு நின்றது. சர்க்கார் 1908-இல் அவரைச் சிறையிலிட்டது. மனிதர் செய்யும் இந்த ஓரவஞ்சனை விளக்குக்குத் தெரியாது. சுதேசியோ அந்நியனோ, பெருங்கப்பலோ சிறு படகோ, எல்லார்க்கும் ஒரே கணக்கில்தான் அது மின்னும்.

இன்று செயற்கைக்கோள் கப்பலின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. விளக்கு எதற்கு என்பாரும் உண்டு. கருவி பழுதாகலாம், அதற்கு வரும் செய்தியைப் பகைவர் குலைக்கவும் கூடும். அந்த இரவில் மாலுமி நம்பக்கூடியது தன் கண்ணையும் கரையின் விளக்கையுமே. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2021-இல் புதுச் சட்டம் இயற்றியபோதும், நம் பார்லிமெண்டு விளக்குகளைக் கைவிடவில்லை.

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். புகாரில் அது நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. ஊர் திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னேன். கேள்வி கேட்ட பையன் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் இருட்டில் தெரிந்த ஒற்றை விளக்கைப் பார்த்து, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.