விடாத பூட்டு: சிறிய உழவு இயந்திரத்தில் ஒரு கவனம்

வன்னி வயல்களில் நாம் கண்ட மசி பேர்கசன் உழவு இயந்திரத்தின் வேர்களில் ஒன்று இந்த ரொறன்ரோவில்தான் இருக்கிறது. 1891 இல் இங்கு தலைமையகம் அமைத்த மசி ஹரிஸ் நிறுவனம், 1953 இல் பேர்கசனுடன் இணைந்தது.

அன்று சேறு, இன்று பனி. ஒரு பின்சில்லு மட்டும் வீணாகச் சுழலும்போது டிபரன்சல் பூட்டு மிதியை அழுத்துகிறோம். இரு பின்சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழன்று வண்டி வெளியே வரும். ஆனால் வளைவில் வெளிச்சில்லு கூடுதலாக ஓடவேண்டும். பூட்டு விடாவிட்டால் நாம் திருப்பினாலும் வண்டி நேரேதான் இழுக்கும். வாகனத் தரிப்பிடத்தில் இது உயிராபத்து.

காலை எடுத்தும் மிதி எழவில்லையா? ஆளில்லாத இடத்தில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இறுகிய பற்கள் பெரும்பாலும் விடுபடும். இல்லையேல் எஞ்சினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, மிதியின் அச்சைப் பாருங்கள். வீதி உப்பால் துருப்பிடித்திருந்தால் துப்புரவாக்கி கிறீஸ் பூசுங்கள். மிதியை மேலே இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருந்தால் மாற்றுங்கள். மிதி எழுந்தும் பூட்டு விடாவிட்டால் கோளாறு உள்ளே. மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். பனி காத்திருக்கட்டும்.