கால்பந்து வீடியோ விளையாட்டில் 'உயிர்' என்பது: சில குறிப்புகள்

வீடியோ விளையாட்டைப் பற்றியெல்லாம் இங்கே எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். உடல், உழைப்பு, பிம்பம், உடைமை என்று நாம் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிற அத்தனையும் ஒரு கால்பந்து வீடியோ விளையாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. குறிப்பாக, அதை ஆடுகிற ரசிகர்கள் அதைத் தயாரிக்கிற கம்பெனிகளிடம் ஆண்டுதோறும் வைக்கிற கோரிக்கைகளில். எப்படிச் சொன்னாலும் கோரிக்கை ஒன்றுதான்: ஆட்டக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கொடுங்கள். இந்த 'உயிர்' என்ற சொல் அங்கே எதைக் குறிக்கிறது, யாருக்கு அது கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில விவரங்கள். இ.ஏ. ஸ்போர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1993இல் 'ஃபிஃபா' என்ற பெயரில் இந்த விளையாட்டை வெளியிடத் தொடங்கியது. 2022 வரை அந்தப் பெயர் நீடித்தது. ஃபிஃபா அமைப்போடு ஒப்பந்தம் முறிந்ததும் 2023 முதல் 'இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்று வருகிறது. ஜப்பானின் கோனாமி கம்பெனி நெடுங்காலம் 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர்' என்ற பெயரில் இதற்குப் போட்டியாக ஒன்றை விற்றது. 2021இல் அதன் பெயரும் மாறிவிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். திரையில் உங்கள் பக்கம் பதினொரு பேர். கையிலிருக்கும் கன்ட்ரோலரால் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் நீங்கள் ஓட்ட முடியும், மீதிப் பத்துப் பேரை இயந்திரம் ஓட்டுகிறது. இந்தப் பத்துப் பேரை மறந்துவிடக் கூடாது. பிரச்சினையே அவர்களிடம்தான் தொடங்குகிறது.

அக்கா மகன் ஆடும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பந்து இரண்டடி தள்ளிப் போகிறது. அவன் அணியின் டிஃபெண்டர் மரம் மாதிரி நிற்கிறான். "சும்மா நின்னுட்டான் பாரு மாமா. இவனுக்கெல்லாம் உயிரே இல்ல" என்றான். ரசிகர்களின் குறை பெரும்பாலும் இந்த மாதிரிதான் ஆரம்பிக்கிறது. பிறகு நீண்டுகொண்டே போகிறது. எண்பதாவது நிமிஷத்துக்குமேல் கால் கனக்க வேண்டும், இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்க வேண்டும். ஒவ்வொருவனும் அவனவன் ஓட்டத்தை ஓட வேண்டும். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஓடக் கூடாது. அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பையன் முதல் ஆறு மாசம் தடுமாற வேண்டும். முப்பத்தைந்து வயதானவனின் முகத்தில் முப்பத்தைந்து வயது தெரிய வேண்டும். பெனால்டி உதைக்கப் போகிறவனுக்குக் கொஞ்சம் பயம் வேண்டும். வெளியே உட்காரவைத்தால் முறைக்க வேண்டும். நல்ல கோல்கீப்பரும் எப்போதாவது கையிலிருந்து நழுவவிட வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். எம்.ஏ. தமிழ் படித்தவனின் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனதில் நிகழ்வது உடலில் தென்படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். எட்டில் ஒன்று இளிவரல். நாம் பள்ளியில் 'இழிவு' என்று சுருக்கிப் படித்துவிட்டுக் கடந்துபோன சொல். அது பிறக்குமிடங்களாகச் சொல்லப்படுபவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வருத்தம் என்பதை உடல் படும் பாடு என்றே நான் வாசிக்கிறேன். ரசிகர்களின் பட்டியலை மறுபடி பாருங்கள்: வயது, காயம், களைப்பு, தடுமாற்றம். இன்னும் வேகமாக ஓடட்டும், இன்னும் பலமாக உதைக்கட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. உவகையும் பெருமிதமும் விளையாட்டில் ஏற்கெனவே தேவைக்குமேல் இருக்கின்றன. ஒவ்வொரு கோலுக்கும் ஓடிப்போய்க் கட்டிப் புரள்கிறார்கள். கேட்கப்படுவது இளிவரல். பலவீனம் தெரிந்தால்தான் உயிர் இருப்பதாக நம்ப முடிகிறது என்று ரசிகன் கண்டுகொண்டிருக்கிறான். எந்த அழகியல் பாடமும் படிக்காமலே.

கம்பெனிகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 2014இல் வந்த ஃபிஃபா 15இல் 600க்கும் மேற்பட்ட உணர்ச்சி வெளிப்பாடுகள் சேர்க்கப்பட்டதாக இ.ஏ. விளம்பரம் செய்தது. தொல்காப்பியருக்கு முப்பத்திரண்டு நிலைக்களன்கள் போதுமாயிருந்தன. அதே பதிப்பில் சட்டையில் சேறு ஒட்டியது, புல்தரையில் தடம் விழுந்தது. ரொலாண் பார்த் 1968இல் 'யதார்த்த விளைவு' பற்றி எழுதியபோது ஃப்ளோபேரின் கதையில் சுவரில் தொங்கும் ஒரு பாரமானியை எடுத்துக்காட்டினார். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; 'இது நிஜம்' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. சட்டையில் ஒட்டிய சேறு இந்த விளையாட்டின் பாரமானி. சேறு பட்டவன் வழுக்கி விழுந்ததை அது சொல்வதில்லை, சேறு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இதற்கு முன்பு, 2011இல், உடல்கள் ஒன்றோடொன்று மோதும் விதத்தை நிஜமாக்குகிறோம் என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். விளைவு, எதிரெதிர் அணிக்காரர்கள் கால் பின்னி விழுந்து முத்தமிட்டுக்கொள்வது போன்ற காட்சிகள். ரசிகர்கள் அவற்றைப் பதிவுசெய்து பரப்பிச் சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்தப் பிழைகளில்தான் கொஞ்சம் உயிர் இருந்ததாகப் படுகிறது.

அசைவு எங்கிருந்து வருகிறது என்பது இதைவிட முக்கியம். 2021இல் வந்த ஃபிஃபா 22க்காக இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கு உணர்கருவிகள் பொருத்திய உடை மாட்டி, முழு ஆட்டம் ஆடவைத்துப் பதிவு செய்தார்கள். 87 லட்சம் சட்டகங்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தப் பதிவைத் தின்ற இயந்திரம் புதிய அசைவுகளைத் தானே உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டது. திரையில் தெரிகிற முகம் நட்சத்திரத்துடையது. ஓட்டமும் தள்ளாட்டமும் அந்த இருபத்திரண்டு பேர் உடலிலிருந்து எடுத்தது. ஆடுகிறவனுக்கு அவர்கள் பெயர் தெரியாது. அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யம். 2023இல் வந்த பதிப்புக்கு உடையே தேவைப்படவில்லை. 180க்கும் மேற்பட்ட நிஜப் போட்டிகளில் மைதானத்தைச் சுற்றியிருந்த கேமராக்கள் எடுத்த பதிவிலிருந்தே அசைவுகளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதாவது, ஆட்டக்காரன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அவன் ஓட்டம் அறுவடையாகிவிடுகிறது. இயந்திரத்தின் தாளத்துக்குத் தொழிலாளி உடலைப் பழக்கிய கதை நமக்குத் தெரியும். இங்கே தொழிலாளி உடலின் தாளத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டு போகிறது.

முகம் மட்டும் எல்லாருக்கும் உண்டா என்றால் அதுவும் இல்லை. பெரிய கிளப்புகளில் ஆடுகிறவர்களை உட்காரவைத்து நாலாபுறமும் படமெடுத்து முகம் செய்கிறார்கள். கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடுகிறவனுக்குக் கையிருப்பிலுள்ள பொதுமுகங்களில் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். தோல் நிறம், முடி, தாடி மாற்றினால் போதும், ஆள் ரெடி. இந்தியன் சூப்பர் லீக் 2021இல் ஃபிஃபா 22க்குள் வந்தபோது சென்னையின் எஃப்சி உட்பட நம் பக்கத்து அணிகளும் சேர்ந்தன. பெயர் நிஜம், சட்டை நிஜம், முகம் பெரும்பாலும் யாருடையதோ. 'எங்கள் ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் முகத்தைக் கொடுங்கள்' என்று எந்த ஊர் ரசிகன் கேட்டாலும், அதை வெறும் பொம்மை ஆசையென்று நான் ஒதுக்கமாட்டேன். விளிம்பில் இருப்பவன் கூட்டமாகத்தான் தெரிவான், தனியாளாகத் தெரியமாட்டான் என்பது இந்த விளையாட்டு கண்டுபிடித்த விதி அல்ல.

முகம் கிடைத்தவர்களுக்கும் அது சொந்தமா என்பது வேறு கேள்வி. 2020 நவம்பரில் ஸ்லாடான் இப்ராஹிமோவிச் தன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தது என்று பகிரங்கமாகக் கேட்டார். காரெத் பேலும் சேர்ந்துகொண்டார். முறையான உரிமம் பெற்றிருக்கிறோம் என்றது கம்பெனி. கிளப், லீக், ஆட்டக்காரர் சங்கம் என்று யார் யாரோ கையெழுத்துப் போட்டுக் கைமாறி வந்த முகம் அது. 2015இல் முதன்முறையாகப் பெண்கள் தேசிய அணிகள் சேர்ந்தபோது, வெளியீட்டுக்குச் சற்று முன்பு பதின்மூன்று ஆட்டக்காரிகள் நீக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளோடு தொடர்புள்ளவர்கள் அவர்கள். விளையாட்டில் தோன்றினால் கல்லூரிப் போட்டிகளில் ஆடும் தகுதி போய்விடலாம் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. உடலை ஒரே சமயத்தில் இரண்டு முதலாளிகள் உரிமை கொண்டாடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ரசிகனையும் சும்மா விட்டுவிட முடியாது. அக்கா மகன் ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். எண்பத்தெட்டாவது நிமிஷம். கோலுக்குமுன் தனியாகப் பந்து கிடைத்தும் அவன் ஆள் மெதுவாகத் திரும்பினான், பந்து பறிபோனது. "நான் பட்டன் அமுக்கிட்டேன், இவன் போகமாட்டேங்கிறான். கேம் ஏமாத்துது மாமா." களைத்துப்போயிருப்பான், மனுஷன்னா அப்படித்தானேடா என்றேன். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "மனுஷனா இருக்கட்டும். ஆனா நான் சொன்னதைக் கேக்கணும்ல" என்றான்.

அவன் மட்டுமல்ல. களைப்பு வேண்டும், தடுமாற்றம் வேண்டும் என்று கேட்கிற அதே ரசிகர் கூட்டம், தங்கள் ஆள் தடுமாறும்போது விளையாட்டு திட்டமிட்டுத் தோற்கடிக்கிறது என்று கூச்சல் போடுகிறது. 2020இல் கலிஃபோர்னியாவில் மூன்று பேர் இதை வழக்காகவே போட்டார்கள்; கம்பெனி மறுத்தது; அடுத்த ஆண்டு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வழக்கின் நியாய அநியாயம் இருக்கட்டும். தன்னிச்சையாக ஓர் உடல் நடந்துகொள்வதற்கும் எஜமானன் அமுக்கிய பட்டனுக்கும் நடுவே உள்ள இந்த இழுபறியை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்கப்போவதில்லை. இயந்திரம் ஓட்டுகிற பத்துப் பேருக்கும் சுயபுத்தி வேண்டும். நான் ஓட்டுகிற ஒருவனுக்கு மட்டும் கூடாது. ஃபூக்கோ சொன்ன 'பணிந்த உடல்' கூடத் தான் பணிந்திருப்பது தெரியாமல் உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எதிர்பார்ப்பு.

நிஜக் கால்பந்தில் உயிர் எப்படித் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். 1998 ஜூலை 12, உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அன்று மதியம் பிரேசிலின் ரொனால்டோவுக்கு ஓட்டலில் வலிப்பு வந்தது. முதலில் கொடுத்த அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, பிறகு சேர்த்தார்கள். அவர் ஆடினார் என்பதைவிட மைதானத்தில் இருந்தார் என்று சொல்லலாம். பிரான்ஸ் 3-0 என்று ஜெயித்தது. அவர் ஏன் ஆடினார், யார் ஆடச் சொன்னது என்று பிரேசில் நாடாளுமன்றக் குழு ஒன்று பிறகு அவரையே கூப்பிட்டு விசாரித்தது. 2006 ஜூலை 9, பெர்லின். ஜிடேன் தன் கடைசி ஆட்டத்தில் மாடராட்ஸியின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். 2010 ஜூன் 20, தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா. அனெல்காவை அணியிலிருந்து நீக்கியதை எதிர்த்து பிரெஞ்சு அணி பயிற்சி செய்ய மறுத்துப் பஸ்ஸுக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தது. அவர்கள் எழுதிய அறிக்கையைப் பயிற்சியாளரே வெளியே நின்று வாசிக்க நேர்ந்தது. அந்த உலகக்கோப்பைக்கான வீடியோ விளையாட்டு அந்த ஏப்ரலிலேயே கடைக்கு வந்திருந்தது. பஸ்ஸில் அந்த அணி உட்கார்ந்திருந்த நேரத்தில் எத்தனையோ வீடுகளில் அதே அணி சொன்னபடி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பிணி, வெகுளி, மறுப்பு. இந்த மூன்றையும் நிஜப் பெயர் தாங்கிய பிம்பம் தானாகச் செய்ய முடியாது. பெயரோடு ஒப்பந்தமும் வருகிறது, ஒப்பந்தத்துக்கு ஒழுக்கமான உடல் தேவைப்படுகிறது என்பது என் ஊகம். ஊகத்துக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். ஓர் ஆட்டக்காரனுக்கு அழுகை, குடும்பம், அவமானம் என்று ஒரு வாழ்க்கையைக் கொடுக்க இ.ஏ. 2016இல் தீர்மானித்தபோது அலெக்ஸ் ஹன்ட்டர் என்ற கற்பனைப் பையனை உருவாக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளராக இருந்து அணியை நடத்தும் 'ஃபுட்பால் மேனேஜர்' விளையாட்டில் நிஜ ஆட்டக்காரர்களே முறைப்பார்கள், ஊர் ஏக்கம் பிடித்துத் திரிவார்கள். எழுத்தும் எண்ணும் நிறைந்த விளையாட்டு அது, முகம் அங்கே பெரிதில்லை. அதிலும்கூட, தான் தற்பாலீர்ப்பு உள்ளவன் என்று ஓர் ஆட்டக்காரன் வெளிப்படையாகச் சொல்லும் வாய்ப்பை நவம்பர் 2017இல் கொண்டுவந்தபோது, இயந்திரம் பெற்றெடுத்த கற்பனை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே அதை அளித்தார்கள்.

கோனாமிக்கு உரிமம் கிடைக்காத காலத்தில் லிவர்பூல் 'மெர்ஸிசைடு ரெட்' ஆனது, ராபர்ட்டோ கார்லோஸ் 'ராபர்ட்டோ லார்கோஸ்' ஆனார். ஓட்டத்தையும் இடதுகால் உதையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதே விளையாட்டின் 'மாஸ்டர் லீக்' பகுதியில் தொடக்கத்தில் நமக்குத் தரப்படுவது உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு சொத்தை அணி: கோல்கீப்பர் இவரோவ், மினாண்டா, முன்வரிசையில் காஸ்டோலோ. மெதுவாக ஓடுவார்கள், சீக்கிரம் களைப்பார்கள், எளிய கோலைத் தவறவிடுவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு தோற்றுத் தோற்றுத்தான் மேலே வர வேண்டும். காசு சேர்ந்ததும் நட்சத்திரங்களை வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய பிறகும் காஸ்டோலோவை விற்க மனசு வராமல் வைத்திருந்தவர்கள் நிறைய உண்டு. அவன் முகத்தைச் செய்ய யாரும் எங்கும் போய்ப் படமெடுக்கவில்லை, அவன் பெயருக்கு யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. பத்திருபது வருஷம் கழித்தும் அவனை ஒரு பழைய கூட்டாளியைப் போலத்தான் பேசிக்கொள்கிறார்கள்.