அத்தியின் பூவும் அதனுள் குளவியும்

நெடுநாள் எட்டிப் பார்க்காத உறவினர் ஒருநாள் திடீரென்று வந்து நின்றால், "அத்தி பூத்தாற் போல வந்திருக்கிறாயே!" என்கிறோம். அத்தி மரத்தைப் பற்றி நம்மிடம் இன்னொரு பழமொழியும் உண்டு: அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு. முதல் மொழியைச் சொன்னவர் பூவைத் தேடிக் காணாதவர். இரண்டாவதைச் சொன்னவர் பழத்தினுள் பூச்சியைக் கண்டவர். இவ்விருவரும் ஒருநாள் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியிருந்தால், தாவர இயலின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று நம் ஊரிலேயே நிகழ்ந்திருக்கும்!

உண்மையில் அத்தி பூக்காத மரமன்று. ஆண்டில் பலமுறை பூக்கிறது. பூத்திருக்கும்போது நாம் அதைக் காய் என்று எண்ணிவிடுகிறோம். தண்டிலும் கிளையிலும் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பச்சை உருண்டையைக் கத்தியால் இரண்டாக அரிந்து பாருங்கள். உட்சுவர் முழுவதும் நுண்ணிய மலர்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஒரு சூரியகாந்திப் பூவின் வட்டை உட்புறமாகக் குவித்துப் பை போல மூடிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அத்திக்காய். இந்தப் பூங்கொத்துக்குத் தாவர நூலார் 'சைக்கோனியம்' என்று பெயரிட்டிருக்கின்றனர். ஆல், அரசு, இச்சி, பேயத்தி என இதே குடும்பத்து மரங்கள் யாவும் இவ்வாறே ஒளித்துப் பூப்பவை. உலகில் இத்தகைய இனங்கள் 750க்கு மேல் உள்ளன.

மலர் உள்ளே; காற்றும் வண்டும் வெளியே. பின் மகரந்தச் சேர்க்கை நடப்பது எவ்வாறு?

காயின் நுனியில், செதில்களால் அடைக்கப்பட்ட ஒரு சிறு துவாரம் இருக்கிறது. பெண் பூக்கள் பக்குவமடையும்போது காய் ஒருவகை மணத்தை வெளிவிடுகிறது. அம்மணம் நமக்கன்று, 2 மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஒரு குளவிக்கு. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் அதற்கே உரிய குளவி இனம் ஒன்றோ சிலவோ உண்டு. நம் நாட்டு அத்திக்கு உரியது 'செரட்டோசோலன்' என்னும் வகை. மணத்தை நுகர்ந்து வந்த பெண் குளவி, அடைத்திருக்கும் செதில்களுக்கிடையே தலையைக் கொடுத்து நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அந்த நெருக்கத்தில் அதன் சிறகுகள் பிய்ந்து போகின்றன; உணர்கொம்புகளும் ஒடிகின்றன. இனி அது வெளியே பறக்கப் போவதில்லை.

உள்ளே சென்றதும், தன் மார்பிலுள்ள சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைக் கால்களால் எடுத்துச் சூல்முடிகளின்மீது தேய்க்கிறது. தற்செயலாக உதிர்வதன்று, வேண்டுமென்றே செய்யும் வேலை. கூடவே, சூல் தண்டு குட்டையாக உள்ள பூக்களின் சூலகத்தில் முட்டைகளையும் இடுகிறது. தண்டு நீண்ட பூக்கள் தப்பி விதையாகின்றன. பின்னர் குளவி அங்கேயே இறந்துவிடுகிறது. அதன் குழவிகளுக்கு அந்தக் காயே தொட்டில், அதுவே உணவு.

சில வாரங்கள் கழிந்தபின் முதலில் வெளிவருவன ஆண் குளவிகள். இவற்றுக்குச் சிறகு கிடையாது, கண்ணும் பெயருக்குத்தான். இன்னும் சூலகத்துக்குள்ளேயே இருக்கும் பெண் குளவிகளுடன் இணைந்தபின், இவை காயின் சுவரைக் கடித்துத் துளை போடுகின்றன. அத்துடன் இவற்றின் வாழ்வு முடிந்தது. அதே வேளையில் காயினுள் ஆண் பூக்கள் மலர்ந்து மகரந்தம் முதிர்கிறது. பெண் குளவிகள் அதைப் பைகளில் நிரப்பிக்கொண்டு, ஆண்கள் தோண்டிய வழியே வெளியேறுகின்றன. அவற்றின் ஆயுள் இனி ஓரிரு நாளே. அதற்குள் இன்னொரு மரத்தில், சரியான பருவத்துக் காயைக் கண்டுபிடித்தாக வேண்டும். காற்றில் மிதந்து இவை செல்லும் தொலைவு வியப்பூட்டுவது. ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைவனத்தில் 2009இல் வெளியான ஆய்வொன்று, 160 கிலோமீட்டர் அப்பாலுள்ள மரத்துக்கும் குளவி மகரந்தம் சுமந்து சென்றதைக் காட்டியது.

இது அன்பினால் விளைந்த உறவு என்று எண்ணிவிடலாகாது. மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுச் செல்லும் குளவியும் உண்டு. பனாமா நாட்டு அத்தி இனங்களில் ஆய்ந்தபோது, அவ்வாறு ஏமாற்றப்பட்ட காய்களில் பலவற்றை மரம் உதிர்த்துவிடுவது தெரிந்தது. காயோடு குளவிக் குஞ்சுகளும் மடிகின்றன. சுமார் 7.5 கோடி ஆண்டுகளாக இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது!

கணக்கில் வேறு பங்காளிகளும் உண்டு. காயினுள் நுழையாமல் வெளியிலிருந்தே துளையிட்டு முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் சில. அவற்றுள் ஒன்றின் ஊசி நுனியில் துத்தநாகம் செறிந்து, துளைக்கும் கருவி போல் கடினப்பட்டிருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் கண்டிருக்கின்றனர். அத்தகைய குளவிகளைப் பிடித்துத் தின்ன எறும்புகள் காயின்மேல் காவல் சுற்றுகின்றன. பெண் குளவியின் வயிற்றிலேயே ஏறிக்கொண்டு அடுத்த காய்க்குப் பயணம் செய்யும் நுண்புழுக்களும் உண்டு. ஒரு காய்க்குள் ஒரு சிற்றூரே குடியிருக்கிறது எனலாம்.

இந்தப் பிணைப்பை அறியாததால் கலிபோர்னியா விவசாயிகள் பட்ட பாடு சுவையானது. துருக்கியின் ஸ்மிர்னாப் பகுதியில் விளையும் சீமை அத்தி உலகப் புகழ் பெற்றது. 1880களின் தொடக்கத்தில் அதன் போத்துகள் ஆயிரக்கணக்கில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. மரங்கள் செழித்தன, காய்த்தன, ஆனால் பழுக்கு முன்பே காய்கள் யாவும் உதிர்ந்தன. ஆண்டுதோறும் இதே கதை. துருக்கியர் மட்டமான செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கருதினர்.

செடியில் குற்றமில்லை. ஸ்மிர்னா அத்தியில் பெண் பூக்கள் மட்டுமே உண்டு. மகரந்தமும் குளவியும் காட்டத்தி மரத்தில் உள்ளன. மத்தியதரைக் கடலோரக் குடியானவர்கள் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். கற்றவர்கள் பலர் அதைப் பாமரரின் மூட நம்பிக்கை என்று ஒதுக்கினர். ஃபிரெஸ்னோ நகரத்துத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரோடிங் மகரந்தத்தைக் கையாலேயே சில காய்களுக்குள் செலுத்திப் பார்த்தார், அவை பழுத்தன. பின் 1899இல், வால்ட்டர் ஸ்விங்கிள் என்ற தாவர இயலார் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் ரோடிங் தோட்டத்தில் நிலைபெற்றன. மரம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அதன் துணை வந்து சேர்ந்தது.

எகிப்தியர் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டனர். நம் அத்திக்கு நெருங்கிய உறவான மரம் அங்கு வளர்கிறது. அதன் மகரந்தக் குளவியோ அங்கில்லை. எனவே பண்டைக் காலத்திலேயே அவர்கள் ஒவ்வொரு காயையும் கத்தியால் கீறிவிட்டனர். கீறிய காய் எத்திலீன் வாயுவை வெளிவிட்டு விரைவில் பழுக்கும். வேதியியல் அறியாமலே வேதியியல் செய்தவர்கள்!

"அப்படியானால் கடையில் வாங்கும் உலர்ந்த அத்திப் பழத்தில் பூச்சி இருக்குமா?" என்று சைவ அன்பர் ஒருவர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இன்று பயிராகும் சீமை அத்தி வகைகள் பல, குளவியே இல்லாமல் பழுப்பவை. ஸ்மிர்னா வகையில் நுழைந்த குளவி இறந்தபின் பெரும்பாலும் பழத்தின் நொதிகளால் சிதைந்துவிடுகிறது. நம் நாட்டு அத்தியில் மட்டும் பழமொழி சொன்னது சரி.

இனி, நமக்கு முக்கியமான செய்திக்கு வருவோம். குளவியின் ஆயுள் ஓரிரு நாள் என்றோம். மா மரங்களைப் போல அத்தி மரங்கள் யாவும் ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்தால் என்ன ஆகும்? வெளிவந்த குளவி நுழைய இடமின்றிச் செத்துப்போகும். ஆகவே ஒரு மரம் பழுக்கும்போது இன்னொரு மரம் பூவாக இருந்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் காட்டில் எங்கேனும் ஓர் அத்தியோ ஆலோ பழுத்திருக்கும். பிற மரங்கள் வெறுமையாக நிற்கும் மாதங்களில் இருவாய்ச்சியும் குக்குறுவானும் பழந்தின்னி வௌவாலும் குரங்கும் பசியாறுவது இதனால்தான். அத்திக் குடும்பப் பழங்களைத் தின்னும் பறவை, பாலூட்டி இனங்கள் உலகில் 1,200க்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவை எச்சமிடும் விதைகள் சுவரிடுக்கிலும் பனையின் மட்டையிலும் முளைத்து அடுத்த ஆலமரம் ஆகின்றன. குளவியின் குறுகிய ஆயுள், இருவாய்ச்சியின் பட்டினிக் காலத்தைப் போக்குகிறது.

இந்த இழை அறுந்தும் இருக்கிறது. 1998இன் தொடக்கத்தில், எல் நினோவின் விளைவாகப் போர்னியோத் தீவில் கடும் வறட்சி நேர்ந்தது. அங்குள்ள லம்பீர் குன்றுகள் தேசியப் பூங்காவில் சில அத்தி இனங்கள் காய்ப்பதை நிறுத்தின. சில வாரக் காய்ப்பின்மையே போதும்; அவ்வினங்களுக்குரிய குளவிகள் அப்பகுதியில் அற்றுப் போயின. மழை பெய்து மரம் மீண்டும் காய்த்தபோது மகரந்தம் கொண்டுவர ஆளில்லை. சிங்கப்பூரில் 2013இல் வெளியான ஆய்வு மற்றோர் ஆபத்தைச் சுட்டியது: வெப்பம் சில பாகை உயர்ந்தாலே குளவியின் குறுகிய ஆயுள் மேலும் சுருங்குகிறது. அடுத்த மரத்தைத் தேடிச் செல்ல நேரம் போதாது.

வாய்க்கால் கரையில் அத்தி மரம் நின்றால், பழம் சிவக்கத் தொடங்கும்போது ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கருநிறத்தில் சிறகுடன் ஓடுவன பெண் குளவிகள். வெளிறிய நிறத்தில், சிறகின்றி அசைவற்றுக் கிடப்பன அவற்றுக்கு வழி தோண்டிய ஆண்கள். மணல் போல் ஒட்டியிருப்பவை விதைகள். மீதிப் பழத்தைத் தின்பதா என்பதை அவரவர் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.